பொம்மை எஞ்சினுக்குக் கட்டளை சென்ற கதை

தமிழகத்தை விட்டு வேற்று மாநிலங்களில் குடியேறிய நம்மவருள் பலர், ஊரையும் உறவையும் பிரிந்தாலும் நவராத்திரிக் கொலுவைப் பிரிவதில்லை. மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் நாகபுரியிலும், இரண்டே அறைகள் கொண்ட வீட்டிலுங்கூட, ஐந்து படிகளாவது எழுந்துவிடுகின்றன. படிகளின் பக்கத்தில் நடப்பது பிள்ளைகளின் ஆட்சி. மணலைப் பரப்பி, கேழ்வரகையும் கடுகையும் தூவி முளைக்கவைத்து, ஒரு பூங்கா அமைப்பார்கள். களிமண்ணைக் குவித்து ஒரு மலை எழுப்புவார்கள். அம்மலை பெரும்பாலும் ஏழுமலையே. அதன் அடிவாரத்தில் வட்டமாகத் தண்டவாளம் இட்டு ஒரு பொம்மை ரெயிலை ஓடவிட்டால், அது எந்த நாட்டுச் சரக்கானாலும், பிள்ளைகளின் கணக்கில் திருப்பதி ரெயில்தான். கொலுவில் ரெயில் வைப்பதற்குச் சாத்திரச் சான்று உண்டா என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. பிள்ளைகள் அதற்கு விடை தேடுவதில்லை.

ஓர் எஞ்சின் ஓடும் வரையில் தொல்லை ஒன்றுமில்லை. இரண்டாவது எஞ்சினை அதே தண்டவாளத்தில் வைத்தவுடன் தொல்லை பிறக்கிறது. ஒன்றை நிறுத்தினால் மற்றொன்றும் நிற்கிறது. ஒன்றைப் பின்னோக்கிச் செலுத்தினால் மற்றொன்றும் பின்னோக்கி ஓடுகிறது. காரணம் எளிது. மின்சாரப் பொம்மை ரெயிலில் நம் கையிலுள்ள திருகு எஞ்சினோடு தொடர்பு கொள்வதில்லை. தண்டவாளத்தோடுதான் தொடர்பு கொள்கிறது. தண்டவாளத்தில் மின்னழுத்தம் மிகுந்தால் அதன்மேல் நிற்கும் எஞ்சின்கள் யாவும் விரையும். மின்முனைகள் மாறினால் யாவும் திரும்பும். கட்டளை பாதைக்கு இடப்படுகிறதேயன்றி எஞ்சினுக்கு இடப்படுவதில்லை. இக்குறையை நீக்கும் பொருட்டு எஞ்சினுக்குள்ளேயே ஒரு மின்னணுப் பொறியைப் பொருத்தி, ஒவ்வோர் எஞ்சினையும் தனித்தனியே அழைத்து ஏவும் முறை எவ்வாறு உருவாயிற்று என்பதனை இங்கு நாம் ஆராயப் புகுகின்றோம். சித்தூர், திருப்பதிப் பாதையை முன்னிறுத்தியே அதனை ஆராய்வோம். அவ்வாறு செய்வதற்குக் கொலு மலை மட்டும் காரணமன்று.

சித்தூர் மாவட்டம் 1911ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சென்னை மாகாணத்தில் அமைக்கப்பட்டது. மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. சித்தூரும் நகரியும் புத்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இத்தனை பிரிவினைகளுக்கும் நடுவில், இவ்வூர்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் காட்பாடியோடும் வேலூரோடும் கொண்ட தொடர்பு அறாமல் இருந்ததற்கு இருப்புப்பாதை ஒரு பெருங்காரணம்.

காட்பாடியில் தொடங்கிச் சித்தூர், பூதலப்பட்டு, பாகாலா, பனபாக்கம், சந்திரகிரி ஆகிய ஊர்களின் வழியே திருப்பதியை அடையும் அப்பாதை, தென்னிந்திய ரெயில்வே கம்பெனியாரால் 1890ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் மீட்டர் அகலத்தில் இடப்பட்டது. அதற்கு முன்னரே மதராஸ் ரெயில்வே கம்பெனியார் அரக்கோணம், ரேணிகுண்டா வழியே வடமேற்கு நோக்கி இட்ட அகலப் பாதை, 1871இல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு இணைந்துவிட்டது. ஒரு கம்பெனியின் தண்டவாளங்களுக்கிடையே 1,676 மில்லிமீட்டர். மற்றொன்றினுடையவற்றுக்கிடையே 1,000 மில்லிமீட்டர். ஆகவே காட்பாடியிலும் ரேணிகுண்டாவிலும் பாதைகள் சந்தித்தனவேயன்றி வண்டிகள் ஒன்றன் பாதையில் மற்றொன்று செல்ல முடியவில்லை. சித்தூர் வெல்ல மூட்டையும் மாங்காய்க் கூடையும் ஒரு பெட்டியிலிருந்து இறக்கப்பட்டு மற்றொரு பெட்டியில் ஏற்றப்பட வேண்டும். முடியிறக்கப் போகும் குடும்பங்கள் குழந்தைகளையும் மூட்டைகளையும் சுமந்துகொண்டு நடைமேடை மாற வேண்டும். இந்திய ரெயில்வே 1992இல் மேற்கொண்ட ஒரே அகலத் திட்டத்திற்குப் பின்னரே சித்தூர்ப் பாதை அகலமாக்கப்பட்டு இவ்விடர் தீர்ந்தது. நூறாண்டு நீடித்த இந்த அகலப் பிணக்கை நேயர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறோம். பொம்மை ரெயில் உலகமும் இதனையொத்த ஒரு பிணக்கில் சிக்கி நெடுங்காலம் இடர்ப்பட்டது என்பதனைக் காணப்போகின்றோம்.

திருப்பதிக்கு மீட்டர் பாதை வந்த அக்காலத்திலேயே, 1891இல், ஜெர்மனியின் மேர்க்லின் நிறுவனத்தார் லைப்சிக் சந்தையில் சாவி கொடுத்து ஓடும் பொம்மை ரெயிலையும், எட்டு வடிவத் தண்டவாளத்தையும் காட்சிக்கு வைத்தனர். பொம்மைத் தண்டவாளத்திற்கு இன்ன இன்ன அகலங்கள் என்று வரையறுத்தவர்களும் அவர்களே. நியூயார்க்கில் ஜோஷுவா லயனல் கோவன் என்பார் 1900இல் நிறுவிய லயனல் கம்பெனி, கடைகளின் காட்சிச் சாளரத்தில் வைப்பதற்கென்று மின்சார ரெயிலைச் செய்தது; வேடிக்கை பார்த்தவர்கள் ரெயிலையே விலைக்குக் கேட்கத் தொடங்கினர். 1930களின் நடுவில், மேசைமேல் அடங்கும் 16.5 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்து, நாளடைவில் உலகெங்கும் பரவிற்று. மெய்யான வண்டியில் 87இல் ஒரு பங்கு என்பது அதற்குரிய அளவு. அதனை எச்.ஓ. என்பர்.

இவ்வளவைக் கொண்டு ஒரு சிறு கணக்குப் போடலாம். காட்பாடிக்கும் திருப்பதிக்கும் இடையே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். அதனை 87இல் ஒரு பங்காகக் குறைத்தாலும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் தண்டவாளம் வேண்டும்; நம் வீட்டுக் கூடம் போதாது. பாகாலா நிலையத்தையும் சந்திரகிரிக் கோட்டையையும் மட்டும் வைத்துக்கொண்டு மனத்தைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான். மேலும், 16.5 மில்லிமீட்டர் என்பது ஐரோப்பிய, அமெரிக்கப் பாதைகளின் 1,435 மில்லிமீட்டர் அகலத்திற்குப் பொருந்தும். நம் அகலப் பாதைக்கு 19.3 மில்லிமீட்டரும், பழைய சித்தூர் மீட்டர் பாதைக்கு 11.5 மில்லிமீட்டரும் வேண்டும். இந்திய எஞ்சின்களின் மாதிரிகளைச் செய்யும் அன்பர்கள் பலர் கடையில் கிடைக்கும் 16.5 மில்லிமீட்டர் சட்டத்தின்மேல் நம் எஞ்சினின் கூட்டை அமைத்து ஓட்டுகின்றனர். அளவு நூல் பிடித்துப் பார்ப்பவர் இதனைக் குறை கூறுவர். கண்ணுக்கு இனிதாக இருந்தால் போதும் என்பது நம் கருத்து. இத்துறையில் நம் நாட்டில் பெரும்பணி புரிந்தவர் புனே நகரத்து பாவு ஜோஷி ஆவார். அவர் அமைத்த சிற்றுரு ரெயில் காட்சியகம் 1998 முதல் மக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது.

இனிக் கட்டளையின் வரலாற்றுக்கு வருவோம். ஓரிடத்திலிருந்து பல எஞ்சின்களை ஏவும் கலை பொம்மையில் தோன்றவில்லை. பெரிய ரெயிலில்தான் தோன்றிற்று. அமெரிக்கப் பொறியியலாளர் பிராங்க் ஸ்பிரேக், 1897இல், ஒரு மின்சாரத் தொடரின் பெட்டிகள் பலவற்றிலும் மோட்டார்களை வைத்து, முன்பெட்டியிலிருந்து ஒரே பிடியால் அனைத்தையும் இயக்கும் முறையைச் செய்து காட்டினார். மோட்டாருக்குச் செல்லும் பெருமின்னோட்டம் வேறு, அதனை ஏவும் சிறுமின்னோட்டம் வேறு என்று பிரித்தது அவருடைய நுட்பம். சிறுமின்னோட்டம் மெல்லிய கம்பிகளின் வழியே பெட்டிதோறும் சென்று, அங்கங்குள்ள விசைகளைத் திறக்கவும் மூடவும் செய்யும். இதன் எளிமையை மெய்ப்பிக்க ஸ்பிரேக் ஆறு பெட்டித் தொடரொன்றைத் தம் பத்து வயது மகன் கையில் கொடுத்து ஓட்டச் செய்தார். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931இல் ஓடத் தொடங்கிய மீட்டர் அகல மின்சார ரெயில் இவ்வழியில் வந்ததே. மாம்பலத்திலும் சைதாப்பேட்டையிலும் அதில் ஏறி இறங்கியவர்கள், முன்னால் நின்ற ஓட்டுநரின் ஒரு பிடி பின்னாலிருந்த மோட்டார்களையும் ஆள்வதை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அடுத்த படி, கம்பியே இல்லாமல் ஏவுவது. 1890களின் நடுவில் கல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீச சந்திர போஸ், கண்ணுக்குப் புலனாகாத மின்காந்த அலைகளைச் சுவரை ஊடுருவச் செய்து, தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தார். 1898இல் நிக்கோலா டெஸ்லா நியூயார்க்கின் மாடிசன் சதுக்க அரங்கில், நீர்த்தொட்டியில் மிதந்த ஒரு சிறு படகைக் கம்பியில்லா அலையால் திருப்பியும் விளக்கேற்றியும் காட்டினார். தொலைக் கட்டுப்பாட்டுப் பொம்மைகள் அனைத்திற்கும் அப்படகையே மூதாதை எனலாம்.

இவ்விரு நுட்பங்களையும் பொம்மை ரெயிலுக்குள் புகுத்த முதன்முதலில் துணிந்தது லயனல் கம்பெனி. இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, 1946இல், அவர்கள் மின்னணுத் தொடர் ஒன்றினை விற்பனைக்குக் கொணர்ந்தனர். தண்டவாளத்தில் ஓடும் மின்சாரத்தோடு வானொலி அலைவெண் கொண்ட குறிப்புகளும் கலந்து அனுப்பப்பட்டன. எஞ்சினின் நிலக்கரித் தொட்டியிலும், சரக்குப் பெட்டிகள் ஒவ்வொன்றிலும், தன் அலைவெண்ணுக்கு மட்டுமே இசையும் ஏற்பி ஒன்று ஒளிந்திருந்தது. கட்டுப்பாட்டுப் பெட்டியில் நிறம் தீட்டிய பொத்தான்கள். எந்தப் பெட்டியின்மேல் எந்த நிறம் ஒட்டப்பட்டிருக்கிறதோ, அந்த நிறப் பொத்தானை அழுத்தினால் அந்தப் பெட்டி மட்டும் தொடரினின்று கழன்று நிற்கும். வானொலிப் பெட்டியில் நிலையத்தைத் தேடித் திருகு திருப்புவது நம் முந்தைய தலைமுறைக்குப் பழக்கமான செயல். அதே கொள்கைதான் இங்கும். ஆனால் பொருளோ விலைமிக்கது. ஏற்பிகள் இசைவு குலைந்து தொல்லை கொடுத்தன. 1949க்குப் பின் அது விற்பனையினின்று மறைந்துவிட்டது.

ஏனையோர் இக்காலத்தில் வேறொரு வழியைக் கையாண்டனர். தண்டவாளத்தைத் துண்டு துண்டாக மின்தொடர்பு அறுத்து, துண்டு ஒவ்வொன்றுக்கும் தனி விசை வைத்தனர். எந்த எஞ்சின் எந்தத் துண்டில் இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து விசைகளைத் தட்ட வேண்டும். பெரிய அமைப்புகளில் விசைப்பலகையைக் கவனிப்பதிலேயே மாலைப் பொழுது கழிந்துவிடும். ரெயிலைப் பார்க்க நேரமிராது. 1963இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் ஆஸ்ட்ராக் என்னும் முறையை அளித்தது. குறைகடத்திப் பொறிகளால் ஆன ஏற்பிகளை எஞ்சினுக்குள் வைத்து, ஐந்து அலைவரிசைகளில் ஐந்து எஞ்சின்களை ஒரே தண்டவாளத்தில் தனித்தனியே ஓட்டலாம். அதுவும் நிலைக்கவில்லை. 1979இல் இங்கிலாந்தின் ஹார்ன்பி நிறுவனம் ஜீரோ ஒன் என்னும் முறையைக் கொணர்ந்தது. இதில் அலைவெண்களுக்கு மாற்றாக எண்களே கட்டளையாயின; 16 எஞ்சின்களை அழைக்கலாம். கணிப்பொறியின் மூளையாகிய நுண்செயலி பொம்மைக்குள் வந்துவிட்டது. 1980களின் நடுவில் மேர்க்லின் நிறுவனத்தார் 80 எஞ்சின்கள் வரை அழைக்கும் தங்கள் முறையை வெளியிட்டனர்.

இங்கேதான் காட்பாடி நடைமேடையை நினைவுகூர வேண்டும். ஒவ்வொரு நிறுவனத்தின் கட்டளைக்கும் ஒவ்வொரு மொழி. ஒருவருடைய ஏற்பி மற்றவருடைய கட்டளைப் பெட்டிக்குச் செவி சாய்க்காது. தென்னிந்திய ரெயில்வேயின் பெட்டி மதராஸ் ரெயில்வேயின் பாதையில் ஏறாதது போலவே, ஒரு கம்பெனியின் எஞ்சின் மற்றொரு கம்பெனியின் தண்டவாளத்தில், அகலம் ஒன்றாயிருந்தும், ஊமையாகி நின்றது. பொம்மைக் கடைக்காரர் அப்பொருளை நிறுத்திவிட்டாலோ, வாங்கியவர் நிலை இரங்கத்தக்கது. ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்த்த பொறிகளுக்கு மாற்றுப் பொறி கிடையாது. பழுது பார்ப்பாரும் இல்லை. முன்னோடிகள் பலர் தோற்றதற்கு அறிவுக் குறைவு காரணமன்று. பொதுமொழி இல்லாமையே தலையாய காரணம் என்று நாம் துணிந்து கூறலாம்.

அப்பொதுமொழியை ஆக்கியவர்கள் வணிகர்கள் அல்லர். பொழுதுபோக்காக ரெயில் மாதிரி செய்வோரின் சங்கத்தார். 1935இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் தோன்றிய தேசிய மாதிரி ரெயில்வே சங்கம், முன்பே சக்கரங்களுக்கும் தண்டவாளங்களுக்கும் பொது அளவுகளை வகுத்து, எவர் செய்த பெட்டியும் எவர் பாதையிலும் ஓட வழி செய்திருந்தது. கட்டளை முறைகள் பெருகிக் குழப்பம் மிகுந்தபோது, அச்சங்கம் குழு ஒன்றனை அமைத்து, கிடைத்த முறைகளை ஒப்பிட்டு ஆராய்ந்தது. ஜெர்மனியின் கீசன் நகரத்துப் பெர்ன்ட் லென்ஸ் என்பார் வகுத்த குறிப்பு முறையை அடிப்படையாகக் கொண்டு, 1990களின் நடுவில் பொது விதிகளை வெளியிட்டது. அம்முறையை டி.சி.சி. என்று சுருக்கமாக வழங்குவர். விதிகளைப் படித்து எவரும் பொறி செய்யலாம். ஒருவர் செய்த பொறி மற்றவர் கட்டளைக்குப் பணியும். முப்பதாண்டுகள் கடந்த பின்னும், இன்று வாங்கும் பொறி அன்றைய விதிக்கு உட்பட்டே நடக்கிறது. மேர்க்லின் நிறுவனத்தார் தங்கள் மூன்று தண்டவாளப் பாதைக்குத் தனி மொழியை வைத்துக்கொண்டிருக்கின்றனர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இம்முறை இயங்கும் வகை சுவையுள்ளது. தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். ஆனால் அதன் முனைகள் ஒரு வினாடிக்குப் பல்லாயிரம் முறை மாறி மாறிப் புரண்டுகொண்டே இருக்கும். ஒரு பாதி 58 மைக்ரோ வினாடி நீடித்தால் அதற்கு ஒன்று என்று பொருள். 100 மைக்ரோ வினாடியோ அதற்கு மேலோ நீடித்தால் சுழி என்று பொருள். குறிலும் நெடிலும் போல, கால அளவே இங்கு எழுத்தாகிறது. மாத்திரை கணக்கிட்டு இலக்கணம் வகுத்த மொழியினராகிய நமக்கு இது விளங்குதல் எளிது. இவ்வெழுத்துகளால் ஆன வாக்கியத்தில் முதலில் எஞ்சினின் எண் வரும். அடுத்து வேகமும் திசையும் வரும். இறுதியில் பிழையறியும் எண் வரும். எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் என்னும் பொறி, தன் எண்ணைக் கேட்டால் மட்டும் செவி கொடுக்கும். இறுதி எண் கணக்கோடு ஒவ்வாவிடில் அவ்வாக்கியத்தையே தள்ளிவிடும். தள்ளியதனால் கேடில்லை; கட்டளைப் பெட்டி அதே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

இனி அந்த டிகோடரை எஞ்சினுக்குள் பொருத்தும் வேலை. புதிய எஞ்சின்கள் பலவற்றில் எட்டு ஊசிகளோ இருபத்தொரு ஊசிகளோ ஏற்கும் குழி முன்பே அமைந்திருக்கும்; கூட்டைக் கழற்றி, வெற்றுச் செருகியை நீக்கி, டிகோடரைச் செருகினால் வேலை முடிந்தது. பழைய எஞ்சின்களில்தான் கைத்திறன் வேண்டும். நம்மவர் பெட்டியடியில் வைத்துக் காக்கும் எஞ்சின்கள் பெரும்பாலும் அவ்வகையினவே.

பழைய எஞ்சினின் உள்ளே தண்டவாளத்து மின்சாரம் சக்கரங்களின் வழியே ஏறி நேரே மோட்டாருக்குச் செல்லும். பல எஞ்சின்களில் மோட்டாரின் ஒரு பிரஷ் உலோகச் சட்டத்தையே தொட்டுக்கொண்டிருக்கும். சட்டமே ஒரு கம்பியின் வேலையைச் செய்யும். டிகோடர் வந்த பின் இவ்வழியை முற்றும் அடைக்க வேண்டும். தண்டவாளத்திலிருந்து வரும் மின்சாரம் டிகோடரைத் தவிர வேறெங்கும் செல்லாமலும், மோட்டாருக்கு டிகோடரிடமிருந்தல்லாமல் வேறெவ்விடத்திலிருந்தும் மின்சாரம் வராமலும் காக்க வேண்டும். பிரஷ்ஷுக்கும் சட்டத்திற்கும் நடுவே மின்காப்புத் தாளையோ பிளாஸ்டிக் துண்டையோ இட்டு, மல்டிமீட்டரை வைத்து, மோட்டாரின் இரு முனைகளுக்கும் இரு பக்கச் சக்கரங்களுக்கும் இடையே தொடர்பு அறவே இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் பற்றவைக்கும் கோலைக் கையில் எடுக்க வேண்டும். இந்தச் சோதனையைச் சோம்பலால் விட்டவர்களின் டிகோடர்கள், தண்டவாளத்தில் வைத்த முதற்கணத்திலேயே புகைந்து போயிருக்கின்றன. அயல்நாட்டிலிருந்து வருவித்த பொருள் ஒரு நொடியில் கரியாவது வேடிக்கையன்று. இதன் பொருட்டே இச்செய்தியை நீட்டிச் சொல்கின்றோம்.

அதற்கு முன் மற்றொரு சோதனையும் உண்டு. மோட்டாரைச் சுழலவிடாமல் பிடித்துக்கொண்டு, 12 வோல்ட் மின்சாரம் கொடுத்து, அது எவ்வளவு மின்னோட்டத்தை இழுக்கிறது என்று சில வினாடிகள் மட்டும் அளந்து பார்க்க வேண்டும். எச்.ஓ. அளவுக்குரிய டிகோடர்கள் பல, ஒரு ஆம்பியர் அளவே தாங்குவன. பழைய மோட்டார் அதற்கு மேல் இழுக்குமானால், மோட்டாரை மாற்றுவதே அறிவுடைமை.

கம்பிகளின் நிறங்களுக்கும் பொது விதி உண்டு. சிவப்பும் கருப்பும் வலப்பக்க, இடப்பக்கத் தண்டவாளங்களிலிருந்து மின்சாரம் பெறுவன. ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்குச் செல்வன. வெள்ளை முன்விளக்குக்கும் மஞ்சள் பின்விளக்குக்கும் உரியவை. நீலம் விளக்குகளுக்குப் பொதுவானது. நீராவி எஞ்சினின் மாதிரியாக இருந்தால், எடுத்துக்காட்டாக மீட்டர் பாதைகளில் ஓடிய வை.பி. எஞ்சினின் மாதிரியாக இருந்தால், டிகோடருக்கு ஏற்ற இடம் பின்னாலுள்ள நிலக்கரித் தொட்டி. ஒலி எழுப்பும் வகையானால் சிறு ஒலிபெருக்கியும் அங்கேயே அடங்கும். டிகோடர் வெப்பத்தை வெளிவிடும் பொருள். அதனை நாடாவால் இறுகச் சுற்றிவிடலாகாது. சித்தூர்ச் சீமையின் சித்திரை வெயிலில் இது இரட்டிப்பாகக் கவனிக்கத்தக்கது. புழுதியும் ஒரு பகை. தண்டவாளத்தில் படிந்த தூசி ஒரு கணம் மின்தொடர்பை அறுத்தாலும் டிகோடர் மறுபடி விழித்தெழ வேண்டியிருக்கும். ஒரு மின்தேக்கியைக் கூட வைத்தால் அந்தக் கணத்தை அது ஈடுசெய்யும். அதனினும் நல்லது தண்டவாளத்தை நாள்தோறும் துடைப்பது.

பொருத்திய எஞ்சினை நேரே ஓடுபாதையில் வைக்காமல், குறைந்த மின்னோட்டமே செல்லும் சோதனைப் பாதையில் வைத்து எண் கொடுக்க வேண்டும். புதிய டிகோடர் தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதன் எண் 3. அதனை மாற்றி, எஞ்சினின் பக்கத்தில் எழுதியுள்ள எண்ணையே அதற்கு இடுவது வழக்கம். கட்டளையை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக டிகோடர் மோட்டாரை ஒரு கணம் தட்டிவிடும்; எஞ்சின் சற்றே துடிக்கும். வாய்பேசாப் பொறி தலையசைப்பது போன்ற அத்துடிப்பைக் கண்டவர்கள் அதுவரை பட்ட பாட்டை மறந்துவிடுவார்கள்.

பெரிய ரெயில் இதற்கிடையில் என்ன செய்தது என்பதையும் கூறிவிடுவோம். ஒற்றைப் பாதைகளில் நெடுங்காலம் கட்டளை என்பது கைப்பொருளாகவே இருந்தது. ஒரு நிலையத்திற்கும் அடுத்த நிலையத்திற்கும் இடையிலுள்ள பாதைக்கு உரிமை தரும் டோக்கன், பிரம்பு வளையத்தில் கட்டிய பையில் வைத்து ஓட்டுநரிடம் கொடுக்கப்படும். அது கையில் இல்லாமல் ஓட்டுநர் நிலையத்தைவிட்டு நகரலாகாது. டீசல் எஞ்சின்கள் வந்த பின், இரண்டை ஒன்றாகப் பிணைத்து ஒரே ஓட்டுநர் இயக்கும் முறை வழக்கமாயிற்று. ஸ்பிரேக் வகுத்தபடி, கம்பிவடம் ஒன்று முதல் எஞ்சினின் கட்டளையை இரண்டாவதற்குக் கொண்டுசெல்லும். எஞ்சின்கள் அடுத்தடுத்து நிற்கும் வரையில் வடம் போதும். நெடுந்தொடரின் நடுவிலும் கடையிலும் எஞ்சின் வைக்க வேண்டுமானால் வடம் போதாது. அமெரிக்காவில் 1960களில் அதற்குக் கம்பியில்லா அலையைப் பயன்படுத்தத் தொடங்கினர். இந்திய ரெயில்வேயும் அண்மைக் காலத்தில் சரக்கு எஞ்சின்களில் அத்தகைய பொறிகளைப் பொருத்தி, முன் எஞ்சினின் ஓட்டுநரே பின் எஞ்சின்களையும் ஏவும்படி செய்து வருகிறது.

நெடுந்தொடர்கள் திருப்பதிச் சீமைக்கு அயலானவை அல்ல. 2021 அக்டோபர் 8ஆம் நாள், தென் மத்திய ரெயில்வேயின் குந்தக்கல் கோட்டத்தைச் சேர்ந்த ராய்ச்சூரிலிருந்து மணுகூருக்குக் கருடா என்னும் பெயர் கொண்ட நெடுந்தொடர் புறப்பட்டது. மூன்று சரக்கு வண்டிகளை ஒன்றாக இணைத்த தொடர் அது. நிலக்கரி ஏற்றுவதற்கான வெற்றுப் பெட்டிகள். அதற்கு முதல் நாள் கொண்டபள்ளியிலிருந்து சென்ற திரிசூல் என்னும் தொடரில் 177 பெட்டிகள் இருந்தன. திருப்பதியும் ரேணிகுண்டாவும் அப்போது அதே குந்தக்கல் கோட்டத்தில் அடங்கியவை. மலையப்பரின் வாகனத்துப் பெயரை ஒரு சரக்கு ரெயில் பெற்றதில் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

ஆனால் பெரிய ரெயிலில் எஞ்சினுக்குள் பொருத்தும் பொறிக்கு, ஏவுவதைக் காட்டிலும் தடுப்பதே தலையாய பணி. கவச் என்னும் பாதுகாப்பு முறையின் சோதனைகள் பயணி வண்டிகளில் 2016இல் தென் மத்திய ரெயில்வேயில் தொடங்கின. தண்டவாளத்தினிடையே பதித்த சிறு அடையாளப் பொறிகளைப் படித்து எஞ்சின் தானிருக்கும் இடத்தை அறிகிறது. நிலையத்தோடு கம்பியில்லா அலையால் பேசுகிறது. ஓட்டுநர் தவறினால் தானே பிரேக் இடுகிறது. 2022 மார்ச் 4ஆம் நாள் குல்லகூடாவுக்கும் சிட்கிட்டாவுக்கும் இடையே, ஒரே பாதையில் இரண்டு எஞ்சின்களை நிறுத்தி இதனைச் சோதித்தபோது, ரெயில்வே அமைச்சர் ஏறியிருந்த எஞ்சின் மற்றதற்கு 380 மீட்டர் முன்னே தானாக நின்றது.

பொம்மை எஞ்சினின் டிகோடருக்கு இவ்வறிவு கிடையாது. தன் எண்ணைக் கேட்டால் அது ஓடும். எதிரே மற்றொரு எஞ்சின் நிற்பதை அது அறியாது. பாகாலா நிலையத்து இணைப்பாதையில் ஒன்றை ஒதுக்கி நிறுத்திவிட்டு மற்றொன்றுக்கு வழிவிடுவது, கொலுவின் பக்கத்தில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் பொறுப்பு.